அடங்காப் பிள்ளைகளை அறிந்த அம்மையார்

பெருநாளன்று புதுச் சட்டை கிடைத்தால் முகம் மலராத பிள்ளையும் உண்டோ என்று கேட்கலாம். உண்டு. கழுத்துப் பட்டியில் தைத்திருக்கும் சிறு துணிச்சீட்டு முதுகில் உராய்கிறதென்று அழுது, சட்டையைக் கழற்றி எறியும் பிள்ளை உண்டு. முடி வெட்டுபவரின் கத்தரிக்கோல் காதருகே வந்ததும் தெருவே திரும்பிப் பார்க்கும்படி அலறும் பிள்ளை உண்டு. கலியாண வீட்டுச் சந்தடியில் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் புகுந்துகொள்ளும் பிள்ளை உண்டு. இதற்கு நேர் மாறாக, ஒரு நிமிடமும் ஓரிடத்தில் தரிக்காமல் சுவரிலும் ஆட்கள் மீதும் மோதிக்கொண்டே திரியும் பிள்ளையும் உண்டு. எட்டு வயதாகியும் சட்டைப் பொத்தானைப் போட வழி தெரியாமல் விழிக்கும் பிள்ளையும் உண்டு. இவர்களுக்கென்று நாம் மூன்று பெயர்களைத் தயாராக வைத்திருக்கிறோம்: பிடிவாதக்காரன், துடுக்கன், மந்தன். பெயரை வைத்துவிட்ட பிறகு அடுத்து வருவது பிரம்பு.

இம்மூன்று பெயர்களும் பல பிள்ளைகளின் விஷயத்தில் தவறாக இருக்கக்கூடும் என்று ஐயுற்று, அந்த ஐயத்தை அளந்து பார்ப்பதிலேயே தம் ஆயுளின் பெரும் பகுதியைச் செலவிட்ட ஓர் அம்மையாரைப் பற்றி இங்கு எழுதப் புகுகின்றோம். அவர் பெயர் அன்னா ஜீன் ஆயர்ஸ். ஊனமுற்ற பிள்ளைகளுக்குச் சிகிச்சை தரும் துறையில் உலகெங்கும் அவர் பெயரை அறியாதார் இல்லை. அத்தகைய பிள்ளையைப் பெற்று, வழி தெரியாமல் நிற்கும் வீடுகளிலும் அவர் வரலாறு தெரிந்திருப்பது நல்லது.

ஆயர்ஸ் அம்மையார் 1920ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 18ஆம் நாள், அமெரிக்காவின் காலிபோர்னியா மாநிலத்திலுள்ள விசேலியா என்னும் ஊரில் பிறந்தார். அக்ரூட் மரங்கள் நிறைந்த பண்ணையொன்றில் வளர்ந்தார். பிற்காலத்தில் எந்தப் பிள்ளைகளுக்காக உழைத்தாரோ, அப்பிள்ளைகளிடம் கண்ட இடர்ப்பாடுகளிற் சில அவருக்கே சிறு வயதில் இருந்தன. ஆனால் இதை மட்டும் வைத்துக்கொண்டு கதை கட்டிவிடக் கூடாது. குறையோடு வளர்ந்தவர்கள் எல்லாரும் அக்குறையை ஆராயப் புறப்பட்டுவிடுவதில்லை. பெரும்பாலோர் மறந்துவிடவே விரும்புவர்.

அவர் தேர்ந்துகொண்டது தொழில்வழிச் சிகிச்சை என்னும் படிப்பு. ஆஸ்பத்திரிகளில் ஆக்குபேஷனல் தெரபி என்று சொல்வார்கள். இப்பெயரைக் கேட்டதும், வேலை தேடித் தரும் இலாகா என்று நம்மவர்களிற் சிலர் எண்ணிக்கொள்வதுண்டு. அப்படியன்று. உண்பது, உடுப்பது, எழுதுவது, விளையாடுவது என ஒரு மனிதன் அன்றாடம் செய்யும் காரியங்களைத் தானே செய்துகொள்ளும்படி அவனைத் தேற்றிவிடுவதே இச்சிகிச்சையின் நோக்கம். 1917ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்திலுள்ள கிளிப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில் ஒரு சிலர் கூடி இதற்கென ஒரு சங்கம் கண்டனர். முதல் மகாயுத்தத்தில் காயமுற்று மீண்ட சிப்பாய்களுக்கு நெசவும் கூடை முடைதலும் மரவேலையும் கற்பித்துக் கையையும் மனத்தையும் தேற்றியது இத்துறை. இரண்டாவது மகாயுத்தம் வந்தபோது இவ்வேலைக்கு ஆள் போதவில்லை. தென் காலிபோர்னியாப் பல்கலைக் கழகம் 1942இல் இதற்கென ஒரு பகுதியைத் தொடங்கியது. அங்கே படித்துத்தான் ஆயர்ஸ் 1945இல் பட்டம் பெற்றார்.

பிறகு 1954இல் முதுகலைப் பட்டம். 1961இல் கல்வி உளவியலில் டாக்டர் பட்டம். பட்டங்களை அடுக்குவதில் பயனில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கைவேலை கற்பித்துத் தேற்றும் தொழிலில் இருந்த ஒருவர், டாக்டர் பட்டத்திற்குப் பிறகும் நாற்பது வயதுக்கு மேல் மீண்டும் மாணவியாகி, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் பல்கலைக் கழகமொன்றின் மூளை ஆராய்ச்சி நிலையத்தில் 1964 முதல் 1966 வரை உட்கார்ந்து நரம்பு சாத்திரம் பயின்றார். அவரைப் போன்ற ஒரு சிகிச்சையாளருக்கு அன்று அது வழக்கமான பாதையன்று. ஏன் சென்றார் என்பதே இவ்வரலாற்றின் உயிர்நாடி.

தொடக்கத்தில் அவர் பெருமூளை வாதத்தால் கைகால் இயக்கம் கெட்ட பிள்ளைகளிடையே வேலை செய்தார். கைக்கு வலிமை ஏற்றினால் கை வேலை செய்யும் என்பது அக்காலத்து நம்பிக்கை. வலிமை ஏறியும் சில பிள்ளைகளின் கை வேலை செய்யவில்லை. கண் நன்றாகத் தெரிந்தும், பார்த்த வடிவத்தைப் பார்த்தபடி எழுத முடியவில்லை. அதன்பின், வாதமோ காயமோ வெளியில் ஒன்றும் காணாத பிள்ளைகளை அவர் பார்த்தார். சாதாரணப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்; புத்தியில் குறைவில்லை; ஆயினும் படிப்பு ஏறவில்லை, நடத்தை ஒழுங்குபடவில்லை. அந்நாளைய மருத்துவர்கள் இவர்களுக்கு மூளையில் ஏதோ மிகச் சிறு கோளாறு என்று பொதுவாக ஒரு பெயர் சூட்டி நிறுத்திக்கொண்டனர். பெயர் சூட்டியதால் பிள்ளைக்கு ஆவதொன்றுமில்லை. கோளாறு எங்கே, எந்த வேலையில் என்பதல்லவா கேள்வி?

ஐம்புலன்கள் என்று நாம் பள்ளியில் படித்தோம். மெய், வாய், கண், மூக்கு, செவி என்று விரலை மடக்கி எண்ணினோம். இவ்வைந்தும் போக, நாம் எண்ணாமல் விட்ட புலன்கள் உள்ளன. காதின் உட்புறத்தில், கேட்கும் கருவிக்கு அருகிலேயே, அரை வட்ட வடிவான மூன்று சிறு குழல்களும், அவற்றை ஒட்டி இரு சிறு பைகளும் இருக்கின்றன. தலை திரும்பினால் குழல்களிலுள்ள நீர் அசைகிறது. நாம் எப்பக்கம் சுழல்கிறோம், எவ்வளவு விரைவில் என்ற சேதி மூளைக்குப் போகிறது. பைகளோ பூமியின் இழுப்பை உணர்ந்து, எது மேல், எது கீழ் என்று சொல்கின்றன. இது ஒன்று. மற்றொன்று தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ளது. கண்ணை மூடிக்கொண்டு மூக்கு நுனியை விரலால் தொட்டுப் பாருங்கள். கை எங்கே இருக்கிறது, எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று பார்க்காமலே உங்களுக்குத் தெரிகிறதல்லவா? அதுவே இப்புலனின் வேலை.

இவற்றை ஆயர்ஸ் கண்டுபிடித்தார் என்று எழுதுவது பொய்யாகும். நரம்பு சாத்திரிகள் இவற்றை முன்பே அறிவர். தசைப் புலனுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரை ஷெரிங்டன் என்ற பிரிட்டிஷ் மேதை 1906லேயே வைத்துவிட்டார். ஆயர்ஸின் பெருமை வேறு. ஆய்வுக்கூடத்தில் கிடந்த இவ்வறிவைப் பள்ளிக்கூடத்து மேசையில் தடுமாறிக்கொண்டிருந்த பிள்ளையிடம் கொண்டு வந்து சேர்த்தவர் அவர். தொடு உணர்ச்சி, சமநிலை உணர்ச்சி, தசை உணர்ச்சி ஆகிய மூன்றுமே அஸ்திவாரம். கண்ணும் காதும் எழுத்தும் கணக்கும் அதன்மேல் எழும் சுவர் என்பது அவர் கொண்ட முடிவு.

ஒரு பெரிய தபால் நிலையத்தை எண்ணிக்கொள்ளுங்கள். மூட்டை மூட்டையாகக் கடிதங்கள் வருகின்றன. பிரிப்பவர் ஒவ்வொன்றையும் பார்த்து, இது இந்தத் தெரு, இது அந்தத் தெரு, இது வெறும் விளம்பரம், இது அவசரத் தந்தி என்று பிரித்துப் போட்டால்தான் ஊருக்குச் சேதி ஒழுங்காய்ப் போய்ச் சேரும். பிரிப்பவர் தடுமாறினால் என்ன ஆகும்? விளம்பரத் தாளுக்குத் தந்திச் சேவகன் ஓடுவான். உண்மையான தந்தி மூட்டைக்கு அடியில் கிடக்கும். கடிதத்தில் குற்றமில்லை, தபால்காரரின் காலில் குற்றமில்லை. பிரிக்கும் இடத்தில் குழப்பம். உடம்பு அனுப்பும் சேதிகளை மூளை இப்படிப் பிரித்து, இணைத்து, காரியத்துக்கு ஆக்கிக்கொள்வதையே அவர் புலன் ஒருங்கிணைப்பு என்று அழைத்தார். உவமை நம்முடையது, கருத்து அவருடையது.

1964இல் அவர் வெளியிட்ட ஒரு கட்டுரை தொடு உணர்ச்சியைப் பற்றியது. மெல்லத் தொடுவதையே ஆபத்து என்று கொள்ளும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று அவர் எடுத்துக் காட்டினார். வரிசையில் நிற்கும்போது பின்னால் நிற்பவன் கை தற்செயலாய்ப் பட்டுவிடுகிறது. இப்பிள்ளை திரும்பி ஓங்கி அறைந்துவிடுகிறான். ஆசிரியர் கண்ணுக்கு அது போக்கிரித்தனம். பிள்ளையின் உடம்புக்கோ அது தற்காப்பு. தேள் ஊர்ந்தால் நாம் உதறுவதில்லையா, அதைப் போல. இதே பிள்ளை, மெல்லத் தடவினால் துள்ளுவான். அழுத்தமாய்க் கட்டி அணைத்தால் அமைதியாவான். மெல்லிய தொடுகை வேறு, ஆழ்ந்த அழுத்தம் வேறு. ஓயாது துறுதுறுவென்று அலையும் பிள்ளைகளிடம் இத்தொடு கூச்சத்தை அவர் அடிக்கடி கண்டார்.

இங்கு அக்காலத்துச் சூழ்நிலையையும் சொல்ல வேண்டும். பிள்ளையின் விசித்திர நடத்தைக்குத் தாயின் அன்பின்மையே காரணமென்று மனோதத்துவ நிபுணர்கள் பலர் அன்று அமெரிக்காவில் போதித்து வந்தனர். சிகாகோவில் இருந்த புருனோ பெட்டல்ஹைம் 1967இல் இக்கருத்தில் ஒரு பெரும் புத்தகமே எழுதினார். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் தாய்மார்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது அது. அணைத்தால் விலகி ஓடும் பிள்ளையை வைத்துக்கொண்டு, நீ அணைக்காததால்தான் இப்படி ஆனான் என்று கேட்டுக்கொள்ளும் தாயின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். பிள்ளை விலகுவது உன் அன்பிலிருந்தன்று, தோலில் படும் உணர்ச்சியிலிருந்து என்று ஒருவர் சொல்வது எத்தனை பெரிய ஆறுதல்! ஆயர்ஸின் எழுத்துக்களைத் தாய்மார்கள் தேடிப் பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது நம் எண்ணம்.

ஆறுதல் சொல்வது ஒன்று, நிரூபிப்பது வேறு. ஆயர்ஸ் அளவுகோல் தேடியவர். பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த சோதனைகளை 1972இல் ஒரே தொகுதியாக வெளியிட்டார். பதினேழு சோதனைகள். பார்ப்பதற்கு விளையாட்டுப் போலவே இருக்கும். பிள்ளையின் கையை ஒரு மறைப்புக்குப் பின்னால் வைத்து, ஒரு விரலைத் தொட்டுவிட்டு, எந்த விரல் என்று காட்டச் சொல்வது. கையில் ஒரு வடிவத்தைக் கொடுத்துப் பார்க்காமலே தடவி, படத்தில் அதற்கு இணையானதைக் காட்டச் சொல்வது. புறங்கையில் ஓர் உருவை வரைந்து, அதையே திரும்ப வரையச் சொல்வது. சோதிப்பவர் உடம்பை ஒரு விதமாய் வைத்துக் காட்ட, அதைப் போலவே செய்யச் சொல்வது. ஒற்றைக் காலில் கண்ணைத் திறந்தும் மூடியும் நிற்கச் சொல்வது. கண்ணை மூடியதும் சாய்ந்துவிடும் பிள்ளை, அதுவரை கண்ணை ஊன்றுகோலாகக் கொண்டு நின்றிருக்கிறான் என்பது புலப்படும். அப்பிள்ளை வகுப்பில் நாற்காலியில் நேராக உட்காருவதற்கே கண்ணையும் கருத்தையும் செலவிட்டால், கரும்பலகைக்கு எதைக் கொடுப்பான்?

மூன்றாண்டு கழித்து 1975இல் வந்தது இன்னொரு சோதனை. பிள்ளையை ஒரு சுழல் பலகையில் சம்மணமிட்டு உட்காரவைத்து, தலையைச் சற்றுக் குனியச் செய்து, இருபது வினாடிகளில் பத்து முறை சுற்றிச் சட்டென்று நிறுத்துவது. நிறுத்தியதும் எவருக்கும் கருவிழி சிறிது நேரம் இப்படியும் அப்படியும் துடிக்கும். அத்துடிப்பு எத்தனை வினாடி நீடிக்கிறது என்று கடிகாரம் வைத்துக் கணக்கிடுவார்கள். சில பிள்ளைகளுக்கு அது வந்த வேகத்தில் நின்றுவிடும். சுழற்சிச் சேதி மூளையில் உரிய இடத்தில் போய்த் தங்கவில்லை என்பதற்கு அதை ஓர் அடையாளமாக ஆயர்ஸ் கொண்டார். எத்தனை சுற்றினாலும் மயக்கமே வராமல், இன்னும் இன்னும் என்று கேட்கும் பிள்ளைகளை நாம் பொருட்காட்சி இராட்டினங்களில் கண்டதில்லையா?

இச்சோதனைகளின் முடிவுகளை நூற்றுக்கணக்கில் சேர்த்து, எந்தக் குறை எந்தக் குறையோடு சேர்ந்து வருகிறது என்று புள்ளியியல் முறையில் திரும்பத் திரும்ப ஆராய்ந்தார். 1960களில் தொடங்கிய இவ்வேலையை 1980களிலும் விடவில்லை. காரியத்தை மனத்தில் திட்டமிட்டுக் கைகால்களுக்கு ஏவும் திறமையில் குறை ஒரு வகை; உடம்பின் இரு பக்கங்களும் ஒத்து உழைப்பதில் குறை ஒரு வகை; தொடு கூச்சமும் அமைதியின்மையும் சேர்ந்தது ஒரு வகை. பொத்தான் போடத் தெரியாத பிள்ளை முதல் வகை. அவன் சோம்பேறியல்லன், கை அறிந்தால்தானே செய்யும்! புதிய கணக்கு வந்தபோதெல்லாம் பழைய பிரிவினைகளையும் பெயர்களையும் அவர் மாற்றிக்கொண்டார். இதைக் குறையாகச் சொன்னவர்கள் உண்டு. நமக்கோ அதுவே அவரிடம் நம்பத்தக்க குணமாய்த் தோன்றுகிறது.

சரி, சிகிச்சை எப்படி? காலிபோர்னியாவில் டாரன்ஸ் என்ற ஊரில் 1970களின் பிற்பகுதியில் அவர் சொந்தமாக ஒரு சிகிச்சை நிலையம் திறந்தார். அத்தகைய இடத்துக்குள் நுழைந்தவர் ஆஸ்பத்திரி என்று எண்ணமாட்டார். கூரையிலிருந்து வலைத் தொட்டிலும் உருளைத் திண்டு ஊஞ்சலும் தொங்கும். கீழே மெத்தைகள் விரித்திருக்கும். நான்கு சிறு சக்கரங்கள் பூட்டிய பலகை ஒன்று. பிள்ளை அதில் குப்புறப் படுத்துக்கொண்டு சரிவான மேடையிலிருந்து வழுக்கி இறங்குவான். அவ்வாறு இறங்கும்போது தலையை நிமிர்த்திப் பிடிக்கக் கழுத்துத் தசை வேலை செய்கிறது. காதினுள் இருக்கும் சமநிலைக் கருவி விழித்துக்கொள்கிறது. எதிரே இருக்கும் அட்டைக் கோபுரத்தை இடித்துத் தள்ளுவதற்குக் கண்ணும் கையும் ஒத்துழைக்கின்றன. பிள்ளைக்குத் தெரிவது விளையாட்டு மட்டுமே.

பிள்ளையைப் பிடித்து உட்காரவைத்துச் சுற்றிவிடுவது சிகிச்சையன்று என்பதில் ஆயர்ஸ் கண்டிப்பாக இருந்தார். பிள்ளையின் உள்ளத்தில் எழும் ஆவலே வழிகாட்டி. எதைத் தேடி அவன் போகிறானோ, அதிலேயே ஒரு சிறு தடையை வைத்து, கொஞ்சம் முயன்றால் எட்டும் உயரத்தில் வெற்றியை வைப்பதே சிகிச்சை தருபவரின் திறமை. மிக எளிதானால் பயனில்லை. மிகக் கடினமானால் பிள்ளை ஒதுங்கிக்கொள்வான். சுழற்சியின் அளவு மீறினால் முகம் வெளிறும், வியர்க்கும், குமட்டும். ஆகவே பயிற்சி பெறாதவர் கையில் இது விபரீதமாகலாம். வீட்டில் ஊஞ்சல் கட்டிவிட்டால் சிகிச்சை ஆகிவிடும் என்று எண்ணும் அன்பர்கள் இவ்விடத்தை இருமுறை வாசிக்க வேண்டும்.

பயன் கண்டாரா? 1972இல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சியில், இச்சிகிச்சை பெற்ற பிள்ளைகள், அதே போன்ற குறையோடு சிகிச்சை பெறாதிருந்த பிள்ளைகளைவிடப் படிப்புச் சோதனைகளில் கூடுதலாக முன்னேறினர். 1980இல் ஆட்டிசமுள்ள பத்துப் பிள்ளைகளை ஆராய்ந்து, தொடுதலுக்கும் அசைவுக்கும் மிகையாய்க் கூசுகிற பிள்ளைகள் நல்ல பயன் பெறுகின்றனர், உணர்ச்சியே பதியாத பிள்ளைகள் அவ்வளவு பயன் பெறுவதில்லை என்று எழுதினார். பத்துப் பேர் மிகச் சிறு எண்ணிக்கை. ஆயினும் எல்லாருக்கும் பலிக்கும் என்று அவர் கூறாமல், எவருக்குப் பலிக்கவில்லை என்றும் எழுதியதைக் கவனிக்க வேண்டும்.

எதிர்ப்பு எழாமல் இல்லை. ஊஞ்சலாடினால் வாசிப்பு வருமா என்று கேட்டவர்கள் உண்டு. உயிருள்ள பிள்ளையின் மூளைக்குள் நடப்பதைக் கண்டது யார், இதெல்லாம் ஊகமல்லவா என்ற கேள்வியும் வந்தது. அவர் தொழிலைச் சேர்ந்தவர்களே இரு கட்சியாயினர். 1963இல், அத்தொழிலின் நிறுவனர்களுள் ஒருவரான எலினார் கிளார்க் ஸ்லேகிள் பெயரால் நடக்கும் உயரிய சொற்பொழிவை ஆற்றும் கௌரவத்தை அவருக்கு அளித்த துறைதான் அது. கேள்விகள் நியாயமானவை என்றே நாம் கருதுகிறோம். மூளையைப் பற்றி அவர் எழுதியவற்றுள் பல, அக்காலத்து அறிவின் எல்லைக்குள் ஊகித்தவையே.

1979இல் அவர் வெளியிட்ட புத்தகம் மருத்துவர்களுக்கன்று, பெற்றோருக்கு. முன்பு 1972இல் எழுதிய பெருநூல் நிபுணர்களுக்கே கடினமானது. இதுவோ, தாய் தந்தையர் தம் பிள்ளையின் நடத்தையைப் படித்தறிய உதவும்படி எளிய நடையில் அமைந்தது. இன்றும் அச்சில் இருக்கிறது.

இதற்குள் அவருக்குப் புற்றுநோய் கண்டது. பழைய பதினேழு சோதனைகளைத் திருத்தி, புதியன சேர்த்து, அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறத்தாழ இரண்டாயிரம் பிள்ளைகளிடம் சோதித்துத் தரப்படுத்தும் பெருவேலை நடந்துகொண்டிருந்த காலம் அது. நான்கு வயது முதல் ஒன்பது வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கானது. உடல் தளர்ந்தும் அவ்வேலையை அவர் கைவிடவில்லை. 1988ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் தமது 68ஆம் வயதில் காலமானார். கணவர் பிராங்க்ளின் பேக்கர் உயிரோடிருந்தார். புதிய சோதனைத் தொகுதி 1989இல் வெளிவந்தது. அச்சான பிரதியைப் பார்க்க ஆயர்ஸ் இல்லை.

அவர் மறைந்த பிறகு வழக்கு முடிந்துவிடவில்லை. 1990களில் பழைய ஆராய்ச்சிகளைத் தொகுத்து எடை போட்டவர்கள், முந்திய ஆய்வுகளில் கண்ட பயன் பிந்திய ஆய்வுகளில் காணவில்லை என்றனர். 2012இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம், புலன் குறையைத் தனியொரு நோயின் பெயராக எழுத வேண்டாம் என்று தன் மருத்துவர்களுக்கு அறிவித்தது. பிள்ளைக்கு அளிக்கும் முழுச் சிகிச்சையில் இதுவும் ஒரு பகுதியாய் இருக்கலாம், ஆனால் ஆதாரம் குறைவு என்பதைப் பெற்றோருக்குச் சொல்லிவிட வேண்டும் என்றும் கூறியது. மறு வருஷம், 2013இல், அமெரிக்க மனநோய் மருத்துவர்களின் கைந்நூல் ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாகப் புலன்களின் மிகைக் கூச்சத்தையும் மரத்த தன்மையையும் சேர்த்துக்கொண்டது. ஆக, பிள்ளைகளிடம் ஆயர்ஸ் கண்டது மெய் என்பது ஏற்கப்பட்டுவிட்டது. அவர் தந்த மருந்து எவ்வளவு பலிக்கும் என்பதே மிஞ்சிய வழக்கு.

அதிலும் தீர்ப்பு இரு பக்கமும் சாய்கிறது. ஆட்டிசமுள்ள 32 பிள்ளைகளை வைத்து அமெரிக்காவில் நடத்தி 2014இல் வெளியான ஆய்வில், சிகிச்சை பெற்றவர்கள் தமக்கென வகுத்த குறிக்கோள்களை மற்றவர்களைவிட நன்கு எட்டினர். பிரிட்டனில் 138 பிள்ளைகளை வைத்து நடத்தி 2022இல் வெளியான பெரிய ஆய்வில், எரிச்சலும் கலவரமுமான நடத்தையைக் குறைப்பதில் இச்சிகிச்சை வழக்கமான கவனிப்பைவிட மேலாக இல்லை. இதிலிருந்து பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது உண்டு. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் தொழில்வழிச் சிகிச்சை தருவோர் இருக்கிறார்கள். அவர்களிடம் பிள்ளையைக் கொண்டுபோகும்போது, அமைதியாவான், புத்தி வளரும் என்ற பொதுப் பேச்சோடு திரும்பி வராதீர்கள். தானே சட்டை உடுத்த வேண்டும், முடி வெட்டும்போது அழாமல் பத்து நிமிடம் உட்கார வேண்டும் என்று கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்றைக் குறிக்கோளாக எழுதிக்கொண்டு, இத்தனை வாரத்தில் பார்ப்போம் என்று தவணையும் கேளுங்கள். தவணை கழிந்தும் மாற்றம் இல்லையேல், வழியை மாற்றச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அளந்து பார் என்பதுதானே ஆயர்ஸ் அம்மையார் செய்து காட்டியது.

கடைசியாக ஒரு சிறு விஷயம். அவருடைய சகோதர உறவில் ஒரு சிறுவன், அவர் ஆராய்ந்த அதே குறைகளோடு வளர்ந்தான். இருப்பிடமோ தூரம், ஊஞ்சலும் சக்கரப் பலகையும் உள்ள அறைக்கு அவனைக் கொண்டுவர வழியில்லை. ஆகவே அவர் கடிதம் எழுதினார். அவன் உடம்பில் நடப்பது இன்னதென்றும், கெட்டவனாக இருப்பதால் அல்லவென்றும் அவனுக்கு விளங்கும் மொழியில் எழுதினார்; அவன் வாலிபனாகிய பிறகும் எழுதினார். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் புள்ளிவிவரங்களுக்குப் பின்னால் மறைந்திருக்கும் மனுஷி அக்கடிதங்களில் இருக்கிறார். பெற்றுக்கொண்டவர் அவற்றைப் பத்திரமாக வைத்திருந்தார். அவை 2004ஆம் ஆண்டில் புத்தகமாக வெளிவந்தன.